பாலைவனத்தில் தனியாக வேன் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனாவிலும் கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையிலும் பரந்து கிடக்கும் சோனோரன், மொஹாவி பாலைவனங்களில், ஒரு வேனையே வீடாக்கிக்கொண்டு தனியாளாகச் சில வாரங்களோ ஒரு குளிர்காலம் முழுவதுமோ தங்க நினைக்கும் தமிழர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. அழகாக அலங்கரித்த வேன்களின் படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் முதலில் வண்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த மாதத்தில் போகிறீர்கள், எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள், நீங்கள் இருக்கும் இடம் வேறு யாருக்காவது தெரியுமா என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு வண்டியைப் பற்றி யோசித்தால் போதும் என்பது என் கருத்து.

எந்த மாதங்களில் போகலாம்?

நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் இறுதி வரை போகலாம். அந்த மாதங்களில் யூமா, குவார்ட்ஸைட், பிளைத் போன்ற தாழ்நிலப் பகுதிகளில் பகல் பெரும்பாலும் இதமாகவும் இரவு குளிராகவும் இருக்கும். ஏப்ரல் நடுவிலேயே வெயில் ஏறத் தொடங்கிவிடும்; மே முதல் செப்டம்பர் வரை தாழ்நிலப் பாலைவனத்தில் வேனில் வாழ்வதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 2023-ஆம் ஆண்டு பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பநிலை 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மொஹாவியில் உள்ள டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரிதான் உலக வானிலை அமைப்பின் ஏட்டில் இன்றும் உச்சமாக நிற்கிறது.

ஆண்டு முழுவதும் வேனிலேயே வாழ்பவர்கள் வெயிலோடு மல்லுக்கட்டுவதில்லை, மேலே ஏறிவிடுகிறார்கள். குவார்ட்ஸைட் கடல்மட்டத்திலிருந்து சுமார் 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வட அரிசோனாவின் மலையூரான ஃப்ளாக்ஸ்டாஃப் சுமார் 2,100 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கின்படியே பார்த்தாலும் இரண்டுக்கும் இடையில் பதினொன்று, பன்னிரண்டு டிகிரி வேறுபாடு வருகிறது. மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக்கொண்டிருப்பவர் ஊட்டிக்கு ஏறுவதைப் போன்றதுதான் இது. உயரக் கணக்கும் ஏறத்தாழ அதுவே.

எங்கே நிறுத்தித் தங்கலாம்? காசு கொடுக்க வேண்டுமா?

இப்பகுதியின் பெரும்பரப்பு மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமானது. பேச்சு வழக்கில் எல்லோரும் அதை பி.எல்.எம். என்றே சொல்வார்கள். தடை ஏதும் அறிவிக்கப்படாத பி.எல்.எம். நிலத்தில், ஏற்கெனவே பிறர் தங்கித் தடம் பதிந்த இடங்களில், பொதுவாக 28 நாட்களுக்குள் 14 நாட்கள் வரை கட்டணமின்றித் தங்கலாம். அதன்பின் அந்த வட்டாரத்தை விட்டு நகர வேண்டும். பல இடங்களில் 25 மைல் தொலைவு என்று விதி இருக்கிறது. தேசியப் பூங்காக்களில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே பெரும்பாலும் குறிக்கப்பட்ட முகாம் இடங்களில்தான் இரவு தங்க முடியும். அரிசோனாவின் மாநில அறக்கட்டளை நிலத்தில் தங்குவதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். வரைபடத்தில் இவையெல்லாம் அருகருகே கிடப்பதால், எந்த நிலத்தில் நிற்கிறோம் என்பதை வண்டியை நிறுத்தும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகர விரும்பாதவர்களுக்கு நீண்டகாலத் தங்கலுக்கென்றே ஒதுக்கிய நிலங்கள் உண்டு. குவார்ட்ஸைட்டை ஒட்டிய லா போசா, யூமாவுக்கு அருகிலுள்ள இம்பீரியல் டேம் இரண்டும் அவற்றில் பெயர்பெற்றவை. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான பருவத்துக்குப் பல ஆண்டுகளாக 180 டாலரும், 14 நாட்களுக்கு 40 டாலரும் கட்டணமாக இருந்து வந்திருக்கின்றன. கிளம்பும் முன் அப்போதைய கட்டணத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு இடங்களிலும் குடிநீர், குப்பைத்தொட்டி, கழிவுநீரை இறக்கும் இடம் ஆகியவை உண்டு. தனியாக முதல் முறை வருபவர் வேறெங்கும் தேடாமல் லா போசாவிலேயே தொடங்கலாம். பக்கத்து வண்டி கூப்பிடு தூரத்தில் இருக்கும். வேண்டாம் என்றால் அரை மைல் தள்ளி நிறுத்திக்கொள்ளலாம்.

குவார்ட்ஸைட் நிலையாக வாழ்பவர்கள் சில ஆயிரம் பேரே கொண்ட சிற்றூர். ஜனவரியில் வீட்டு வண்டிகளால் அது பல மடங்கு வீங்கிவிடும். அங்குள்ள இடுகாட்டில், உச்சியில் ஒட்டக உருவம் பொருத்திய ஒரு கல் கூம்பு இருக்கிறது. 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனச் சுமைக்காக ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது அவற்றோடு வந்த ஹாஜி அலி என்பவரின் நினைவிடம் அது. உள்ளூர்க்காரர்கள் வாயில் அவர் பெயர் ‘ஹை ஜாலி’ ஆகிவிட்டது. ஊருக்குப் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

எவ்வளவு தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும்?

குடிப்பதற்கு மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது ஏறத்தாழ நான்கு லிட்டர் என்பது பாலைவனப் பூங்காக்கள் எல்லாம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் உடம்பைத் துடைத்துக்கொள்ளவும் இன்னும் நான்கு லிட்டர் சேர்த்தால், சிக்கனமாக வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்கு எட்டு லிட்டர் ஆகிறது. பத்து நாளுக்கு 80 லிட்டர் என்றால் 80 கிலோ எடை. இந்த எடையை வண்டியின் பின்புறத்தில் குவிக்காமல், அச்சுகளுக்கு இடையில், தரையை ஒட்டி வைக்க வேண்டும்.

அளவைவிட முக்கியமானது, தண்ணீரை ஒரே கலனில் வைக்காமல் இருப்பது. பெரிய தொட்டியின் குழாய் இணைப்பு ஒரு கரடுமுரடான சாலையில் கழன்றுவிட்டால், எல்லாம் தரைவிரிப்பில் ஊறி முடிந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பதினைந்து இருபது லிட்டர் பிடிக்கும் கேன் ஒன்றைத் தனியே மூடி வைத்து, அதை அவசரத்துக்கு அன்றித் தொடாமல் இருங்கள். ஊர்களில் மளிகைக் கடை வாசலில் உள்ள இயந்திரங்களில் நாணயம் போட்டு கேலன் கணக்கில் வடிகட்டிய நீர் பிடித்துக்கொள்ளலாம்.

வறண்ட காற்றில் வியர்வை தோலில் தங்காமல் உடனே உலர்ந்துவிடுவதால், சென்னை வெயிலில் வளர்ந்தவர்கள் தங்களுக்கு வியர்க்கவே இல்லை என்று நம்பிவிடுகிறார்கள். சட்டையின் முதுகில் வெள்ளை உப்புப் படிவம் தெரிந்தால் உடம்பு எவ்வளவு இழந்திருக்கிறது என்பது புரியும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் இரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்தில் விடும் என்பதால், உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ உப்புக்கரைசல் பொடியோ இடையிடையே வேண்டும்.

நம் சமையல் வேனில் சரிப்படுமா?

நன்றாகவே சரிப்படும். அரிசியும் பருப்பும் கெடாமல் இருப்பவை; குக்கர் தண்ணீரையும் எரிவாயுவையும் மிச்சப்படுத்தும். அரிசி களைந்த நீரை வைத்துத்தான் பாத்திரத்தின் முதல் கழுவல் நடக்க வேண்டும். அதற்கும் முன்பாகக் காகிதத் துண்டால் எண்ணெயையும் மசாலாவையும் வழித்துவிட்டால், ஒரு வேளைப் பாத்திரங்களை ஒரு லிட்டருக்குள் முடித்துவிடலாம். தாளிப்பதை மட்டும் கதவுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கடுகும் காய்ந்த மிளகாயும் கிளப்பும் நெடி மெத்தையில் ஏறினால் எளிதில் போகாது. குளிர்கால இரவில் இட்லி மாவு புளிக்காது. பகலில் வெயில் படும் முன்கண்ணாடிக்கு அருகில், துணியால் மூடி வைத்தால் மாலைக்குள் பொங்கிவிடும்.

மின்சாரத்துக்கு என்ன வழி?

வெயிலுக்குப் பஞ்சமில்லாத இடம் என்பதால் கூரையில் சோலார் தகடுகளும் உள்ளே லித்தியம் பேட்டரியும் போதும். 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 2,500 வாட்-மணி மின்சாரம் சேமிக்கலாம். சிறிய குளிர்பெட்டி ஒரு நாளில் 400 முதல் 600 வாட்-மணி வரை எடுக்கும். மடிக்கணினி, காற்றாடி, விளக்கு, இணையம் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு 500 அல்லது 600. கூரையில் படுக்கையாகப் பொருத்திய 400 வாட் தகடுகள், சூரியன் தாழ்ந்து செல்லும் டிசம்பரில்கூட, மேகமில்லாத நாளில் இதை ஈடுகட்டிவிடும். தகடுகளின் மேல் படியும் புழுதியை வாரம் ஒருமுறையாவது உலர்ந்த துணியால் துடையுங்கள்.

உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை மின்னேற்றக் கூடாது என்பதைப் பாலைவனத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஜோஷுவா ட்ரீ போன்ற உயர்நிலப் பாலைவனத்தில் ஜனவரி விடியலில் தண்ணீர் உறையும். ஆகவே பேட்டரியை வண்டியின் அடியில் வெளியே தொங்கவிடாமல், நீங்கள் தூங்கும் அறைக்குள்ளேயே வைக்க வேண்டும்.

ஏசி பொருத்திக்கொண்டால் கோடையிலும் இருக்கலாமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரையில் பொருத்தும் சிறிய 12 வோல்ட் ஏசி ஏறக்குறைய 500 வாட் இழுத்தால், மேற்சொன்ன பேட்டரி ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 45 டிகிரியில் நிற்கும் இரும்புப் பெட்டிக்கு அந்த ஐந்து மணி நேரம் நண்பகலிலிருந்து அந்தி வரைகூடப் போதாது. சோனோரனில் கோடை நள்ளிரவிலும் 30 டிகிரிக்கு மேல் இருப்பது வழக்கம். இரண்டு மடங்கு பேட்டரி, இரண்டு மடங்கு தகடு என்று செலவழித்தாலும், ஒரு ஃபியூஸ் போனால் உங்கள் உயிர் அதில் தொங்குகிறது. மூடிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் பத்து டிகிரி உயர்ந்துவிடும். நாயோடு பயணிப்பவர்கள் இதை இருமுறை படிக்க வேண்டும். ஏசிக்குச் செலவிடும் பணத்தில் ஃப்ளாக்ஸ்டாஃப் வரை போய்வரப் பல கோடைகளுக்கு எரிபொருள் போட்டுக்கொள்ளலாம்.

இரவுக் குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்துத் தூங்கலாமா?

கூடாது. எரியும் எதுவும் மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. புகையை வெளியே தள்ளும் குழாயுடன் முறையாகப் பொருத்திய டீசல் ஹீட்டர் ஏற்றது. அது இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று தலைமாட்டில் இருக்க வேண்டும். நல்ல ரஜாயும் வெந்நீர்ப் பையும் இருந்தால் தாழ்நிலத்தில் பல இரவுகளுக்கு ஹீட்டரே தேவைப்படாது.

மணலில் சக்கரம் புதைந்தால், அல்லது வண்டி நின்றுபோனால்?

மணலில் புதைந்தவுடன் ஆக்ஸிலேட்டரை அழுத்துவதுதான் எல்லோரும் செய்வது. அது சக்கரத்தை அச்சு வரை இறக்கிவிடும். இறங்கி, மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை வாரி, டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, பிடிமானத் தட்டுகள் இருந்தால் சக்கரத்தடியில் செருகி, மெல்ல வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுங்கள். காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி அதிகப் பரப்பில் மணலைப் பிடிக்கும். அதே காற்றோடு நெடுஞ்சாலையில் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும் என்பதால், திரும்ப நிரப்ப 12 வோல்ட் காற்றடிப்பான் கட்டாயம் வேண்டும். நான்கு சக்கர இயக்கம் இல்லாத வேனிலும் இங்கே தாராளமாக வாழலாம். தெரியாத மண்சாலையை முதலில் காலால் நடந்து பார்ப்பதும் நல்ல டயர்களும் பெரும்பாலான சிக்கல்களைத் தவிர்த்துவிடும்.

வண்டி அறவே நின்றுவிட்டால், வண்டியை விட்டு நடக்காதீர்கள். 1996 ஜூலையில் டெத் வேலிக்கு வாடகை வேனில் வந்த நான்கு ஜெர்மானியச் சுற்றுலாப் பயணிகள் காணாமல் போனார்கள். அவர்களின் வண்டி, டயர்கள் பழுதான நிலையில், யாரும் போகாத ஒரு பள்ளத்தாக்கில் அந்த ஆண்டு அக்டோபரில் கண்டெடுக்கப்பட்டது. எலும்புகளோ பல மைல் தொலைவில் 2009-இல்தான் கிடைத்தன. வானிலிருந்து தேடுபவருக்கு வெள்ளை வேன் தெரியும், நடந்துபோகும் மனிதர் தெரிய மாட்டார். நிழலும் மிச்சத் தண்ணீரும் வண்டியில்தான் இருக்கின்றன. செல்பேசிக் கோபுரம் எட்டாத இடங்கள் ஏராளம் என்பதால், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியோ அந்த வசதியுள்ள புதிய செல்பேசியோ கையில் இருக்க வேண்டும். அதைவிடப் பழைய வழி ஒன்றும் உண்டு. எந்தச் சாலையில் போகிறீர்கள், எந்த நாள் எந்த நேரத்துக்குள் அழைப்பீர்கள், அழைக்காவிட்டால் எந்த மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதை ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதே அது.

பாலைவனத்தில் வெள்ளம் வருமா?

வரும். வறண்டு, மணல் விரித்த பாதை போலக் கிடக்கும் ஓடைகளை இங்கே ‘வாஷ்’ என்கிறார்கள். தட்டையாகவும் காற்று மறைவாகவும் இருப்பதால் வண்டி நிறுத்த ஆசை வரும்; நிறுத்தாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்க, தொலைவிலுள்ள மலையில் பெய்த மழை சில மணி நேரம் கழித்து அந்த வழியே சுவராக வந்து சேரும். பெருக்கெடுத்தோடும் நீர் ஓரடி இருந்தால் சிறிய காரை மிதக்கவிடும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். தடுப்பு வைத்த பிறகும் வெள்ளச் சாலையில் இறங்கி மாட்டிக்கொள்பவரிடமிருந்து மீட்புச் செலவை வசூலிக்க அரிசோனாவில் சட்டமே இருக்கிறது. ‘முட்டாள் ஓட்டுநர் சட்டம்’ என்பது அதற்கு மக்கள் வைத்த பெயர்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில் புழுதிப்புயலும் சேர்ந்துகொள்ளும். சாலையில் சிக்கினால் முடிந்த அளவு ஓரத்துக்கு அப்பால் நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். உங்கள் பின்விளக்கை நம்பி, அதுதான் சாலை என்று நினைத்துப் பின்னால் வருபவர் நேராக உங்கள் மேல் ஏற்றிவிடுவார் என்பதே காரணம். இந்தப் புழுதியில் ‘பள்ளத்தாக்குக் காய்ச்சல்’ எனப்படும் பூஞ்சை நோயின் வித்துகளும் இருக்கக்கூடும். பாலைவனத்திலிருந்து திரும்பிய சில வாரங்களுக்குள் விடாத இருமலும் காய்ச்சலும் களைப்பும் இருந்தால், எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

பாம்பு, தேள் பயம் உண்டா?

இருட்டில் செருப்பில்லாமல் நடக்காமலும், பார்க்காத இடத்தில் கைவைக்காமலும் இருந்தால் பயப்படத் தேவையில்லை. தேள்கள் புற ஊதா விளக்கில் பச்சை நீலமாக ஒளிரும் என்பதால், சிறிய டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் மாலைப் பொழுதும் போகும். நடைமுறையில் அதிகம் தொல்லை தருபவை மூன்று. முதலாவது, எஞ்சின் அறையில் கூடு கட்டி ஒயர்களைக் கடிக்கும் காட்டெலி. இரவில் பானெட்டைத் திறந்தே வைத்து உள்ளே ஒரு விளக்கைப் போட்டு வைக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. இரண்டாவது, ‘சோயா’ (cholla) என்ற கள்ளி வகை. உரசினாலே துண்டாகக் கழன்று உடம்பில் ஒட்டிக்கொள்ளும் அதை விரலால் இழுத்தால் விரலில் ஏறும். தலைவாரும் சீப்பை முள் பந்துக்கும் தோலுக்கும் இடையில் நுழைத்து ஒரே சுண்டில் எறிய வேண்டும். ஆகவே சீப்பு எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். மூன்றாவது தொல்லை உங்களால் வேறோர் உயிருக்கு வருவது. மொஹாவியின் பாலைவன ஆமை, சட்டப் பாதுகாப்புக்குரிய அருகிவரும் உயிரினம், வண்டியின் நிழலில் வந்து படுத்துக்கொள்ளும். கிளப்புவதற்கு முன் குனிந்து சக்கரங்களின் அடியைப் பாருங்கள்.

பெண்கள் தனியாகத் தங்கலாமா?

பலர் தங்குகிறார்கள், குவார்ட்ஸைட்டின் குளிர்காலக் கூட்டத்தில் தனியாக வேன் ஓட்டும் பெண்கள், அதிலும் பணி ஓய்வு பெற்றவர்கள், ஏராளம். வண்டியின் முகப்பை வெளியேறும் திசை பார்த்து நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் படுக்கையிலிருந்து கீழே இறங்காமலேயே வர முடிய வேண்டும். சாவிக்கு ஒரே ஓர் இடம் இருக்க வேண்டும். சமூக ஊடகத்தில் படம் போடுவதாக இருந்தால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள். ஓர் இடம் மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள். ஆண்களுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். ஆனால் அவர்கள் கேட்பதில்லை.

கழிப்பறைக்கு என்ன செய்வது?

வேனிலேயே சிறிய கழிப்பறை வைத்துக்கொள்வதே சரி. ஈரமில்லாத மண்ணில் புதைத்த கழிவு மட்க ஆண்டுக்கணக்கில் ஆகும். காகிதம் அதைவிட மோசம். கட்டி எடுத்துச் செல்லும் பைகளில் சேகரித்து ஊரில் குப்பையில் சேர்க்கலாம், அல்லது கழிவு இறக்கும் நிலையங்களில் காலி செய்யலாம்.

எச்-1பி விசாவில் இருந்துகொண்டு வேனிலிருந்து வேலை பார்க்கலாமா?

விடுமுறையில் போவதற்குத் தடையில்லை. வேலை பார்ப்பதுதான் சிக்கல். எச்-1பி விண்ணப்பம் குறிப்பிட்ட பணியிடத்தோடு கட்டப்பட்டது. அந்தப் பெருநகர வட்டாரத்துக்கு வெளியே பணியிடம் மாறினால், குறுகிய காலத்துக்கான விலக்குகள் தவிர, நிறுவனம் திருத்திய விண்ணப்பம் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். எனவே சொல்லாமல் போய் வேன் இணையத்தில் அலுவலகக் கூட்டங்களில் கலந்துகொள்வதைவிட, நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முகவரி மாறினால் பத்து நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்கும் கடமையும் உண்டு என்பதால், வீட்டைக் காலிசெய்துவிட்டு முழுநேரமாக வேனுக்கு மாறுவது எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு எளிதல்ல. யூமாவுக்கு வடக்கே 95-ஆம் நெடுஞ்சாலை உள்ளிட்ட சில சாலைகளில், எல்லையைக் கடக்காதவர்களையும் நிறுத்திக் கேட்கும் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. குடிமக்கள் அல்லாத பெரியவர்கள் குடிவரவு ஆவணங்களை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கடவுச்சீட்டும் ஐ-94 எனப்படும் நுழைவுப் பதிவின் நகலும் வேனில் இருக்கட்டும்.

முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாமா?

அதுவே நல்லது. ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதுகின்றன. டெத் வேலிக்குள் கோடையில் நுழையவே கூடாது என்று சில நிறுவனங்கள் எழுதுகின்றன. முதல் நிபந்தனை இருந்தால் பி.எல்.எம். நிலத்தின் பெரும்பகுதி உங்களுக்கு மூடப்பட்டதாகவே பொருள். அப்படியானால் நெடுஞ்சாலையிலிருந்து தங்குமிடம் வரையுள்ள மண்பாதைக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்டுங்கள்.